கேப்டனுக்கு நான் எழுதிய வயது

கேப்டனின் தலையில் அந்த ஹெட்செட் இருந்தது மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். கறுப்புப் பட்டை, ஒரு காதை மட்டும் மூடும் வட்டமான கருவி, நெஞ்சுக்கு மேலே வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு மாதிரி ஒன்று. அன்று காலையில் எண்ணெய் வழியப் பின்னிக்கொண்டு வந்திருந்தாள். பட்டை தலையில் நிற்காமல் வழுக்கி வழுக்கிப் புருவத்துக்கு வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் மேற்பார்வையாளர், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பார்ஸி அம்மாள், அதைத் தன் கையாலேயே சரிசெய்து, "போலோ, நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லச் சொன்னார். கோகோ ஆடும் மைதானத்தில் 'கோ' என்று கத்திப் பழகிய தொண்டை அது. அவள் சொன்ன 'நம்பர் ப்ளீஸி'ல் அந்த நீள ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருந்த முப்பது நாற்பது பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தாள். இரண்டாம் தடவை மெதுவாகச் சொன்னாள். அவ்வளவு மெதுவான குரல் அவளிடம் இருந்தது என்பது எங்கள் டீமில் யாருக்கும் அதுவரை தெரியாது.

நாங்கள் தாராவிப் பிள்ளைகள். அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை, என் அப்பா தையல்காரர். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் ரயிலேறி வந்தவை. அதனால் அவளும் நானும் எட்டு வயதுக்குமேல்தான் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் ஒரே வருஷத்துப் பிறப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்ல வந்த கதையே அந்த வருஷத்தைப் பற்றியதுதான்.

மாட்டுங்காவில் சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்குக் கோகோ சொல்லிக்கொடுக்க ஒரு மாதர் மன்றம் ஏற்பாடு செய்திருந்தது. அதை நடத்தியவர் எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகில், வீட்டில் எல்லாரும் ஆபீஸ் போகிற குடும்பம் அவருடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாராவியில் எங்கள் சந்துக்கு அவர் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார். சாக்கடையைத் தாண்டும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வாரே தவிர, முகத்தைச் சுளித்து நான் பார்த்ததில்லை. வீடு வீடாக ஏறி, அம்மாக்களிடம் வாதாடி, ஒன்பது பெண்களைக் கிளப்பிக்கொண்டு போனார். கூட என்னைப்போல மூன்று பேர். கோகோவில் ஒன்பது பேர் ஆடுவார்கள், மூன்று பேர் வெளியே உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். நான் தண்ணீர் கொடுப்பதில் கெட்டிக்காரி.

கேப்டன் ஆடுவதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. நெடுநெடுவென்று கை. முன்னால் ஓடுகிறவள் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிற சமயத்தில் இவள் அப்படியே தரையோடு தரையாகப் பாய்ந்து குதிகாலைத் தொட்டிருப்பாள். முழங்கை இரண்டும் எப்போதும் சிராய்ப்புத்தான். "ஏட்டி, வலிக்கலையா?" என்று கேட்டால், "வலிச்சா என்னட்டி, அவ அவுட்டுல்லா" என்பாள். நாங்கள் மட்டுமில்லை, தெருவில் பழக்கடைக்காரர்கூட அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார். சொந்தப் பேர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

டீச்சருக்கு விளையாட்டோடு இன்னொரு வெறியும் இருந்தது. ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை பயிற்சியை நிறுத்திவிட்டு எங்களை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவார். சினிமாவுக்கோ கடற்கரைக்கோ இல்லை, பெண்கள் வேலை பார்க்கிற இடங்களுக்கு. "ஓடற கால் எத்தனை நாளைக்குடி ஓடும்? முப்பது வயசுல முட்டி பேச ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள ஆளுக்கொரு நாற்காலியைப் பாத்து வச்சுக்கோங்கோ" என்பார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கட்டுப் பிரிக்கிறதைப் பார்த்து எங்களில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், ஒருத்தி நான். செம்பூரில் மருந்துக் கம்பெனியில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் மாத்திரையைப் புட்டியில் அடைப்பதைக் காட்டினார். ரயில்வே புக்கிங் ஆபீசில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு பெண்ணைப் பார்ப்பதற்காக எங்களை வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு பிளாட்பாரம் டிக்கெட் வாங்க வைத்தார். எங்கள் அம்மாக்கள் பார்த்த வேலை வடகம் காயவைப்பதும் பட்டன் தைப்பதும்தான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்ணை அதற்குமுன் நாங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் பார்த்திருந்தோம். டீச்சர்மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் இதை மறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

எக்ஸ்சேஞ்சுக்குப் போனது அப்படி ஒரு சனிக்கிழமைதான். ஆளுயரப் பலகை, அதில் ஆயிரம் ஓட்டை, மினுக் மினுக்கென்று விளக்கு. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடி மேல் வரிசை ஓட்டைக்குக் கை எட்டவேண்டும், அதுதான் முதல் தகுதி என்றார் பார்ஸி அம்மாள். ஒவ்வொருத்தியாக உட்காரவைத்துக் கையை நீட்டச் சொன்னார். எனக்கு நுனிவிரல் பட்டும் படாமலும் எட்டியது. கேப்டனுக்கு உள்ளங்கையே மேல் வரிசையைத் தாண்டிப் போயிற்று. அவளைப் பிடித்துப்போய்த்தான் ஹெட்செட்டை எடுத்து மாட்டிவிட்டார். கழற்றும்போது, "மெட்ரிக் பாஸ் கரோ, அட்டாரா பூரா ஹோனே தோ, ஃபிர் ஆ ஜானா" என்றார். பள்ளிக்கூடத்தை முடி, பதினெட்டு முடியட்டும், வந்துவிடு. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேப்டன் விரல்விட்டு எண்ணினாள். "இன்னும் ஒரே ஒரு வருசம்ட்டி" என்றாள். பக்கத்து சீட்டில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தின வருஷம் நாங்கள் செய்து வைத்திருந்த காரியம் எங்கள் இரண்டு பேருக்குமே அந்த நிமிடத்தில் ஞாபகம் வரவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

செய்த காரியம் இதுதான். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பெரிய ஜூனியர் பந்தயம் வந்தது. பதினாறு முடியாதவர்கள் மட்டுமே ஆடலாம். எங்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு வயது சரியாக இருந்தது, கேப்டனுக்குப் பதினாறு தாண்டி மூன்று நான்கு மாதம் ஆகியிருந்தது. கேப்டன் இல்லாத டீம் உப்பில்லாத உளுந்தங்கஞ்சி. எனக்கும்தான் பதினாறு தாண்டியிருந்தது, ஆனால் அதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. டீச்சர் பள்ளிக்கூட ஆபீசில் பேசிப் பார்த்தார். பிறந்த தேதி தவறாகப் பதிவாகிவிட்டது என்று தகப்பனார் கோர்ட்டில் சத்தியக் காகிதம் கொடுத்தால் பதிவேட்டில் திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் இது ஒன்றும் பெரிய அதிசயமில்லை. பாதி டீம்கள் அப்படித்தான் ஆடின.

டீச்சர் கேப்டன் வீட்டுக்கு வந்தபோது நானும் கூடப் போயிருந்தேன். கேப்டனின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "ஊர்ல பொறந்த பிள்ளைக்குத் தேதி எங்கன எழுதி வச்சிருக்கு, டீச்சரம்மா? கோயில் கொடைக்கு மறுவாரம் பொறந்தா. அது எந்த வருசத்துக் கொடைன்னு கேட்டியன்னா, நீங்க சொல்லுத வருசந்தான்" என்றார். அவள் அம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம். "பொட்டப்பிள்ளைக்கு வயசு கொறஞ்சா நல்லதுதான? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரவுக கேட்டா காயிதத்தையே எடுத்துக் காட்டிரலாம்" என்றாள். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது லாபமாகத்தான் தெரிந்தது. வயது கூடினால்தான் பெண்ணுக்கு நஷ்டம், குறைந்தால் என்ன வந்துவிடும்? டீச்சருக்கு ஷீல்டு, அப்பாவுக்கு நல்ல மாப்பிள்ளை, கேப்டனுக்கு ஆட்டம். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று, எப்போது பந்தயம் என்று மட்டும் கேட்டாள்.

ஒரு வயது குறைத்தாலே போதும். ஒன்று குறைத்தால் ஏதோ பந்தயத்துக்காகச் செய்த மாதிரி தெரியும், இரண்டாகப் போட்டால் நிஜமாகவே தப்பு நடந்த மாதிரி இருக்கும் என்று பள்ளிக்கூட கிளார்க் யோசனை சொன்னார். கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவனுக்குக் கொடுக்க முதலில் வெள்ளைத் தாளில் எழுதவேண்டும். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று டீச்சருக்குப் பெருமை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வருஷம் வந்த இடத்தில், "நிதானமா எழுதுடி, அடிச்சுத் திருத்தப்படாது" என்றார். நான் நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், கேப்டனின் ஆயுளில் இரண்டு வருஷத்தை எடுத்தேன். அவள் அப்பா பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். ஷீல்டு எங்களுக்குத்தான் கிடைத்தது. கடைசி ஆட்டத்தில் கேப்டன் தனியாக ஐந்து பேரை அவுட்டாக்கினாள். நான் தண்ணீர்ப் பானையோடு குதித்தேன், பானை உடைந்தது.

பதினோராம் வகுப்பில் இரண்டு பேரும் பாஸ் செய்தோம். சர்ட்டிபிகேட் கைக்கு வந்த மறுநாளே டீச்சர் எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு படிவம் வாங்கி வந்தார். மைதானத்து மரத்தடியில் உட்கார்ந்து என் படிவத்தை முடித்துவிட்டு, கேப்டனின் படிவத்தையும் நானே எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், விலாசம். அடுத்த கட்டம் பிறந்த தேதி. சர்ட்டிபிகேட்டைப் பார்த்து எழுதப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டேன். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, அவளுக்குப் பதினாறு. "என்னட்டி, மை தீந்துட்டா?" என்று கேட்டாள். நான் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினேன். அவள் பார்த்தாள், டீச்சரும் பார்த்தார். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் 'கோ, கோ' என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் பரீட்சை ஆபீசுக்கும் செருப்புத் தேய நடந்தார். சர்ட்டிபிகேட்டில் ஏறிய தேதி ஏறியதுதான் என்றார்கள். ஒரே ஒரு வழி இருந்தது. முன்பு கொடுத்த சத்தியக் காகிதம் பொய் என்று ஒப்புக்கொண்டு வழக்குப் போடவேண்டும். அப்படிச் செய்தால் பெருவிரல் வைத்த அப்பாவைப் போலீஸ் பிடிக்கும், ஷீல்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், பள்ளிக்கூடத்தின் மானமும் டீச்சரின் வேலையும் போகும். தலைமையாசிரியை அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றுவிட்டார். டீச்சர் திரும்பி வந்து கேப்டனின் தோளில் கைவைத்து, "ரெண்டே ரெண்டு வருஷம்டி. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். பொறுத்துக்கோ" என்றார். அவருக்கு அது இரண்டு வருஷமாகத்தான் தெரிந்தது. தாராவியில் படிப்பை முடித்த பெண்ணை இரண்டு வருஷம் வீட்டில் வைத்திருப்பது என்றால் என்னவென்று, எத்தனை தடவை எங்கள் சாக்கடையைத் தாண்டி வந்தும் அவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. எது என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

"காயிதத்துக்கு வயசு கொறஞ்சா பொண்ணுக்குக் கொறஞ்சிருமா? எனக்குத் தெரியும்லா எம் பிள்ளைக்கு எத்தனைன்னு" என்றார் அவள் அப்பா. வேலைக்கு அவளுக்குப் பதினாறு, கல்யாணத்துக்குப் பதினெட்டு. இரண்டு கணக்கிலும் அவள்தான் தோற்றாள். உல்லாஸ்நகரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் பேசி முடித்தார்கள். அந்த மனுஷனைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வீட்டையும் முதல் தாரத்துப் பிள்ளையையும் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் கேப்டன் என்னிடம், "நீ அங்கன எனக்கு எடம் பிடிச்சு வையிட்டி. ரெண்டு வருசங் கழிச்சு நான் வாரேன். கல்யாணம் ஆனவ வரக்கூடாதுன்னு சட்டமா இருக்கு?" என்றாள். நான் அப்போது எக்ஸ்சேஞ்சில் பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பட்டும் படாமலும் எட்டிய என் விரல் போதும் என்றுவிட்டார்கள். ஆட்டம் வராததால் என் வயது தப்பித்தது. நன்றாக ஆடியிருந்தால் எனக்கும் இரண்டு வருஷத்தைக் குறைத்திருப்பார்கள்.

காகிதத்தில் அவளுக்குப் பதினெட்டு முடிந்த வாரத்தில் நான் ஒரு படிவத்தை வாங்கிக்கொண்டு உல்லாஸ்நகருக்குப் போனேன். கல்யாணம் ஆனவர்கள் கூடாது என்று அதில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று ரயிலிலேயே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எழுதவில்லை. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. கேப்டனின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. முழங்கைச் சிராய்ப்பெல்லாம் ஆறி வெளுத்திருந்தது. கால் வீங்கியிருந்ததால் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். படிவத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். "சாயந்தரம் அவருகிட்ட கேக்கேன்" என்று சொல்லி அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். அவள் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்று அவளுக்கும் தெரிந்தது. பிறகு என்னை எக்ஸ்சேஞ்சைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தாள். பார்ஸி அம்மாள் இருக்கிறாரா, மேல் வரிசை இன்னும் எட்டாமல்தான் எட்டுகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, சட்டென்று சொன்னாள்:

"கடையில போன் வச்சிருக்காவ, பாத்தியா? அவரு சரக்கெடுக்கப் போனப்பொறவு நான் எடுத்துக் காதுல வைப்பேன். ஒரு பொண்ணு 'நம்பர் ப்ளீஸ்'ன்னு கேக்கும். நான் ஒண்ணும் பேச மாட்டேன். அது திரும்பவும் கேக்கும். கொஞ்ச நேரம் கேட்டுட்டு வச்சிருவேன். அந்தப் பிள்ள என்னைய ஏசிக்கிட்டுத்தான் கெடக்கும், என்னட்டி?"

ஏசமாட்டார்கள் என்று சொன்னேன். பொய்தான். பேசாத லைன் வந்தால் நாங்கள் எல்லாருமே ஏசுவோம்.

ஐந்து மாதம் கழித்து இரண்டாவது பிரசவத்தில் கேப்டன் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தாமதம் என்றார்கள், ரத்தம் இல்லை என்றார்கள், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் வீட்டுக்காரர் சுவரோரமாக உட்கார்ந்து, எந்தெந்த ஆபீசில் எந்தெந்தக் காகிதத்தைக் கொடுக்கவேண்டும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். படிவத்தை நான் தேடவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் நான் வேலை முடிந்து வெளியே வரும் நேரத்துக்கு எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றார். மைதானத்துக்குப் போவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். காலில் சாதாரண செருப்பு. என்ன நடந்தது என்று நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தவர், கடைசியில், "சாவுச் சீட்டுல அவளுக்கு வயசு என்ன போட்டிருக்கா?" என்று கேட்டார். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டைத்தான் கொண்டுபோய்க் காட்டியிருந்தார். வேறு என்ன அத்தாட்சி இருந்தது அவளுக்கு?

"பதினெட்டு, டீச்சர்" என்றேன்.

அவர் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைத் தூக்கிவிட மனசு வரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அந்த வருஷத்தைச் சொன்னது அவர் வாய் என்றால் எழுதியது என் கை. அழுததிலும் பாதிப் பாதிதான்.

முப்பத்தைந்து வருஷம் அந்த ஹெட்செட்டை மாட்டியிருந்தேன். அதில் கட்டிய வீட்டில்தான், கோபர்கைரனேயில், இப்போது இருக்கிறேன். டீச்சர் காட்டிக்கொடுத்த நாற்காலி எனக்குச் சோறு போட்டது, என் பிள்ளையைப் படிக்கவைத்தது. போன மாதம் எங்கள் கட்டடத்தில் ஒருவர், அவர் பெண் கபடி ஆடுகிறாளாம், ஒரு வயதைக் குறைத்துக் காகிதம் வாங்கினால் ஜூனியரில் இன்னொரு வருஷம் ஆடலாம் என்று கோச் சொல்கிறாராம், லிஃப்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் போட்ட சத்தத்தில் மூன்று மாடிக்கும் கதவு திறந்தது. அன்றையிலிருந்து என்னைக் கண்டால் மனுஷன் படியில் இறங்கிப் போகிறார். போகட்டும்.

கேப்டன் போனபிறகு போர்டில் உட்கார்ந்திருந்த காலம் முழுவதும் பேசாத லைன் வந்தால் நான் ஏசியதில்லை. அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது உல்லாஸ்நகர்ப் பக்கத்து எக்ஸ்சேஞ்சில் வேறு யாரோ ஒருத்தியின் குரலை, என் குரலை இல்லை. அவள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்பதும் எனக்குத் தெரியாததில்லை. இருந்தும் 'நம்பர் ப்ளீஸ்' என்று மெதுவாக இன்னொரு தடவை கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். இப்போது கைபேசியில் தினமும் நாலைந்து ஊமைக் கால் வருகிறது. எல்லாம் மோசடிக் கும்பல், உடனே துண்டித்துவிடு என்று என் மகன் கத்துகிறான். சரி என்கிறேன். அவன் அந்தப் பக்கம் போனதும், காதில் வைத்தபடி, இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் வைக்கிறேன்.